சிங்க்கில் சிக்கிய எலி

எனக்குச் சர்க்கரை நோய். வேலையோ ஸ்ரீவில்லிபுத்தூரில். பால்கோவா வாங்காமல் ராஜபாளையம் பஸ் ஏற மனசு வராது. வீட்டுக்கு வந்ததும் சிங்க் ஓரம் நின்று விழுங்கிவிட்டு, மனைவி கண்ணில் படாதபடி காகிதத்தைச் சிங்க்கின் சல்லடைக்கு அடியில் திணித்துவிடுவேன்.

ஒருநாள் சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் நின்றது. “நீ கொட்டுற சோத்துப் பருக்கைதான் அடைச்சிருக்கு” என்று மனைவி மேல் பாய்ந்தேன்.

வந்த பிளம்பர் முதலில் பாத்ரூம் குழாயைத் திறந்து பார்த்தார். அங்கே தண்ணீர் தடையில்லாமல் போனது. “மெயின் லைன் நல்லாத்தான் இருக்கு. சிங்க்குக்கு அடியிலதான் அடைப்பு” என்று வளைந்த பைப்பைக் கழற்றினார். கத்தையாக வந்து விழுந்தன என் பால்கோவாக் காகிதங்கள்.

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். பிளம்பர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

“எலி பாத்த வேலை, அக்கா. எங்கிட்டிருந்தோ இழுத்துட்டு வந்து உள்ள தள்ளியிருக்கு.”

முன்பின் தெரியாதவர் எனக்காகப் பொய் சொன்னாரே என்று நெகிழ்ந்துபோனேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், சிங்க் ஓரம் எலிப்பொறி. உள்ளே ஒரு துண்டு பால்கோவா.

“எம்புட்டுப் பெரிய எலின்னு பாத்துருவோம்” என்றாள் மனைவி.

எலி அன்றோடு பால்கோவாவை விட்டுவிட்டது. சோற்றுப் பருக்கை என்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் அதற்கு இன்னும் வாய் வரவில்லை.