தம்பியின் பெயரில் இருந்த வீடு

இத்தாலியில், கபோச் சந்தைக்குப் பின்னால் எங்கள் ஒழுங்கையில் ஆறு வீடுகள், சுவரோடு சுவர். மூன்றாவது எங்களுடையது. எங்களுடையது என்று வாய் நிறையச் சொல்வேனே தவிர, பத்திரத்தில் இருந்தது என் தம்பியின் பெயர். வாங்கிய காலத்தில் எனக்கும் கணவருக்கும் பதிவில்லாத வீட்டுவேலை. நிரந்தர வேலை தம்பியிடம்தான் இருந்தது, வங்கியும் அவனைத்தான் நம்பியது. எங்கள் சனத்தில் பலர் இப்படித்தான் வாங்கினோம். பிறகு அவன் இத்தாலியப் பாஸ்போர்ட்டோடு லண்டன் போய்விட்டான். ஒவ்வோர் ஆவணியும் வந்து, "அடுத்த முறை நொத்தாரிசிட்டைப் போய்ப் பத்திரத்தை உங்கடை பேருக்கு மாத்தி எழுதுவம், அக்கா" என்பான். நானும் ஓம் என்பேன். கூடப் பிறந்தவனை அவசரப்படுத்த வெட்கமாக இருந்தது.

மாநகரசபை ஒழுங்கையைப் பொதுத் தேவைக்கு எடுக்கப்போவதாக அறிவித்தது. சதுக்கம், மரங்கள் என்று படம் ஒட்டினார்கள். படத்தின் மூலையில் ஒரு தனியார் கம்பனியின் ஐந்து மாடி விடுதி. பொதுத் தேவையாம்! எந்தப் பொதுமகன் அங்கே போய்ப் படுக்கப்போகிறான்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை முடிந்து, தரை கழுவும் மருந்தின் மணம் போகாத கையோடு கதவு கதவாகத் தட்டி எதிர்ப்பு மனுவுக்குக் கையெழுத்து வாங்கினேன். பக்கத்து வீட்டு மீன்காரர் முதலில் கதவைச் சாத்தினார். மூன்றாம் நாள் அவரே மற்றவர்களை இழுத்து வந்தார்.

"உங்களுக்குக் கடிதம் வந்ததா?" என்று ஒருநாள் கேட்டார். "வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தனியாக மறுப்பு எழுத வேண்டுமாம்."

எங்கள் பெயருக்கு ஒன்றும் வரவில்லை என்றேன். மாநகரசபை எனக்குப் பயந்து அனுப்பவில்லை என்றுகூட நினைத்தேன். என்ன திமிர்!

வந்திருந்தது. தம்பியின் பெயருக்குப் பதிவுக் கடிதம் இருக்கிறது, தபாலகத்தில் வந்து எடுக்கவும் என்று தபால்காரன் பச்சைத் துண்டொன்று போட்டுவிட்டுப் போயிருந்தான். என்ன விஷயம் என்று அதில் இல்லை. "அவன்ரை கடிதம், அவன் வந்து எடுக்கட்டும்" என்றார் கணவர். அடுத்தவர் கடிதத்தைத் தொடக்கூடாது என்று வளர்ந்தவள் நான். தொலையாமலிருக்க மடு மாதா படத்துக்குப் பின்னால் செருகிவைத்தேன்.

மாநகரசபைக் கூட்டத்தில் அதிகாரி வீடு வீடாக வாசித்தார். ஐந்து வீட்டுக்கு மறுப்பு. மூன்றாம் இலக்கத்துக்கு, "உரிமையாளர் மறுப்புத் தெரிவிக்கவில்லை" என்றார்.

நான் எழுந்தேன். "அது எங்கள் வீடு. இந்தக் கையெழுத்தெல்லாம் வாங்கியதே நான்தான்."

"நீங்கள்தான் உரிமையாளரா, சிஞ்ஞோரா?" மரியாதையாகத்தான் கேட்டார். மீன்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.

அன்று தொலைபேசியில் தம்பி அழுதான். "அந்தத் துண்டை ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பிலை போட்டிருக்கலாமே, அக்கா." போட்டிருக்கலாம். சமைத்த கறியையெல்லாம் படம் எடுத்து அவனுக்கு அனுப்பியவள்தான் நான்.

மற்ற ஐந்து வீட்டாரும் வழக்குப் போட்டு, இடிப்பதற்குத் தடை வாங்கினார்கள். எங்கள் வீட்டுக்குத் தடையில்லை. நாங்கள் ஒரேத்தோப் பகுதியில் வாடகைக்குப் போனோம், எங்கள் வீட்டை மட்டும் இடித்தார்கள். இரண்டு பக்கச் சுவர்களிலும் வெடிப்பு விழுந்தது. இனி இருப்பது ஆபத்து என்று சொல்லி, வழக்கு முடியுமுன்பே மீன்காரரை வெளியேற்றினார்கள். பிறகு ஒவ்வொருவராக எல்லோரையும். மாநகரசபைக்காரர் வரிசைக்குள் நுழைய வழிவிட்டது என் வீடு.

சனிக்கிழமைகளில் இன்னும் அவரிடம்தான் மீன் வாங்குகிறேன். வாய்விட்டுத் திட்டமாட்டாரா என்று பையை வாங்கிய பிறகும் சற்று நிற்பேன்.

"வேறென்ன வேண்டும், சிஞ்ஞோரா?" என்பார்.