சுத்த வெள்ளை

மராட்டி பேசும் ஊரான கட்கியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ராஜபாளையம் நாய் வளர்ப்பவர் என் கணவர் ஒருவர்தான். தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்தால், காப்பி ஆறினாலும் பரவாயில்லை என்று முதலில் பின்பக்கம் போய் நாய்களைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் ராஜபாளையத்துக்குப் பக்கம். அவர் என் அத்தை மகன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன்.

ஒருமுறை ஊருக்குப் போனபோது ஒரே வீட்டில் ஒரு ஆணும் ஒரு பெட்டையும் வாங்கி ரயிலில் கொண்டுவந்தார். ரெண்டும் வேற வேற ஈத்து என்று விற்றவர் சொன்னாராம். அப்பன் ஒன்றா என்று இவர் கேட்கவில்லை. முதல் ஈத்தில் நல்ல குட்டிகள்தான் பிறந்தன. கராடி ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் காரில் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். நம்ம ஊர் நாய் என்று அவர்களுக்கும் பெருமை. இவர் ஒரு பெட்டைக் குட்டியை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் தாய் நாய் கர்ப்பப்பையில் சீழ் பிடித்துச் செத்தது. வைத்துக்கொண்ட அந்த மகள் பருவத்துக்கு வந்தபோது, அவளை அவளுடைய அப்பனோடு சேர்த்தார்.

"அது அவன் மக இல்லையா அத்தான்?" என்றேன்.

"நாய்க்கு ஏது அப்பன், மக? வெளி ரத்தம் சேந்தா பழுப்புத் திட்டு விழுந்துரும். இந்த வெள்ளை போச்சுன்னா அப்புறம் எவன் வாங்குவான்?"

அவர் காசுக்காக மட்டும் அதைச் செய்யவில்லை. அந்த வெள்ளைமேல் அவருக்கு ஒரு பித்து. வெயிலில் நிற்கும் நாயைப் பார்த்து, பால்கட்டி மாதிரி இருக்கு பாரு என்பார்.

அந்த ஈத்தில் எல்லாமே சுத்த வெள்ளை. மூக்கு ரோஜா நிறம். ஒன்று செத்தே பிறந்தது. இன்னொன்றுக்கு மேல்வாய் பிளந்திருந்தது. குடித்த பால் மூக்கு வழியாக வந்தது. பஞ்சை நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மிச்சம் மூன்று குட்டிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. ஆனால் சோற்றுத் தட்டோடு போய் நான் கூப்பிட்டால் தாய் மட்டும் எழுந்து வரும். குட்டிகள் வாசனை எட்டிய பிறகுதான் தலை தூக்கும்.

கால்நடை டாக்டரிடம் கூடையில் வைத்து எடுத்துப்போனேன். மராட்டிக்காரர். எங்களோடு ஹிந்தியில்தான் பேசுவார். குட்டிகளின் தலைக்குப் பின்னால் கை தட்டிப் பார்த்தார். சாவிக்கொத்தை ஆட்டினார். ஒன்றும் திரும்பவில்லை. அப்பன் எது, தாய் எது என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் குட்டியின் காது மடலையே பிடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வெள்ளை நிறத்தோட காது கேளாமையும் வரும். ஒரே ரத்தத்துல திரும்பத் திரும்பச் சேத்தா, உள்ளே ஒளிஞ்சிருக்கிற கோளாறு எல்லாம் வெளியே வந்துரும். இதுங்களை வச்சு இனி குட்டி எடுக்க வேண்டாம்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க," என்றார்.

சொன்னேன். "ஊசி போடுறவருக்கு இனத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு நாய்க்குச் சோறு பிசையப் போனார்.

தீபாவளிக்குக் கராடியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள், சாஃப்ட்வேர் வேலை. நாலு வயதில் ஒரு மகன். வெளியே சரம் சரமாகப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. பெரிய நாய்கள் இரண்டும் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருக்க, குட்டிகள் வராந்தாவில் மல்லாந்து தூங்கின.

"பாருங்க, எவ்வளவு தைரியம்!" என்றார் அந்தப் பெண்.

"வேட்டை நாய் வம்சம்மா. வெடிச் சத்தத்துக்கெல்லாம் அசையாது," என்றார் இவர்.

கையில் பலகாரத் தட்டோடு நின்றிருந்தேன். "தைரியம் இல்லைங்க. அதுகளுக்குக் காது கேக்காது," என்றேன்.

அந்தப் பெண் இவரைப் பார்த்தார். பிறகு இவர் சிரித்தார். "பால் ஊத்தி வளத்தவ. கொடுக்க மனசில்ல, அதான் ஏதாவது சொல்றா."

அந்தப் பெண் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கவலையே படாதீங்க அக்கா. எங்க குழந்தை மாதிரி பாத்துக்குவோம்." நிஜம்தான் சொல்றேன்மா, டாக்டரைக் கேட்டுப் பாருங்க என்றேன். அதற்கும் சிரித்தார். என் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார். பையன் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினான். இன்னொரு குட்டி ஹடப்ஸர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிற்று. மூன்றாவது பெட்டை. அதை இவர் வைத்துக்கொண்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்தப் பெண் போன் செய்தார். குரலில் பழைய சிரிப்பு இல்லை. தூங்கிக்கொண்டிருந்த நாயைப் பையன் பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருக்கிறான். திடுக்கிட்டுத் திரும்பியது அவன் கன்னத்தைக் கடித்துவிட்டது. தையல் போட்டிருக்கிறார்கள்.

"நீங்க அன்னைக்குச் சொன்னீங்க அக்கா. நாங்கதான்..." என்று நிறுத்தினார். நாயைத் தளேகாவ் பக்கம் ஒரு நண்பரின் தோட்டத்தில் விட்டுவிட்டார்களாம். இடத்தைக் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லோக்கல் ரயிலில் போனேன். நானே திருப்பிக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம் என்று கழுத்துப் பட்டையும் கயிறும் பையில் எடுத்துப்போயிருந்தேன். தோட்டத்துக் காவல்காரர் ஒரு வயதான மராட்டிக்காரர். என்னைப் பார்த்ததும் நாயின் சொந்தக்காரி என்று நினைத்து, கட்டிலைத் துடைத்து உட்காரச் சொன்னார். வேலி இல்லாத இடம். முந்தின வாரம் அது தோட்டத்தைவிட்டு சாலைக்குப் போயிருக்கிறது. ஃபாக்டரி டேங்கர் ஒன்று பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது.

"டிரைவர் ஹார்ன்லேருந்து கையை எடுக்கவே இல்லை தாயி. தெரு நாயெல்லாம் ஓடிடுச்சு. இது மட்டும் நடந்துகிட்டே இருந்தது," என்றார். புதைத்த இடத்தைக் காட்டினார். ஒரு புங்க மரத்தடி. நான் நின்றுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். இவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். "இத்தோட நிறுத்திருவோம் அத்தான். அந்தப் பெட்டைக்கு ஆபரேஷன் பண்ணிருவோம். இந்த ரத்தம் இதோட போதும்," என்றேன்.

"ரத்தம், ரத்தம்னு அந்த டாக்டர் மாதிரியே பேசுற. நீ என் மாமன் மக. உங்க அம்மாவும் எங்க ஐயாவும் ஒண்ணுவிட்ட அண்ணன் தங்கச்சி. நம்ம குடும்பத்துல காலங்காலமா இப்படித்தான. என்ன கெட்டுப்போச்சு?"

சொல்லி முடிக்கும் முன்பே அவர் முகம் மாறிவிட்டது. எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒரு வருஷம் நிறையும் முன்பே போய்விட்டது. கழுத்து நிற்கவே இல்லை. நீங்கள் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தவர்களா என்று அன்று குழந்தை டாக்டர் கேட்டார். ஆமாம் என்று நான்தான் சொன்னேன். இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கேள்வியை எடுத்ததில்லை.

இவர் எழுந்து பின்பக்கம் போய் நாய்களோடு உட்கார்ந்துகொண்டார். அன்றோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவரைத் தெரிந்தவள் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பெட்டை பருவத்துக்கு வந்தபோது நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அதே ஆணோடுதான் சேர்த்திருக்கிறார். அப்பனும் அவன்தான், பாட்டனும் அவன்தான். வயிறு தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "இந்தத் தடவை சரியாயிரும்," என்றார். சண்டை போட்டேன், இரண்டு நாள் சமைக்கவில்லை. வயிறு பெரிதாகிக்கொண்டுதான் இருந்தது.

நாலு குட்டி போட்டாள். மூன்றாம் நாள் மத்தியானம் பள்ளி விட்டு வந்தபோது வாசலிலேயே சத்தம் கேட்டது. மெல்லிய, கிழிகிற மாதிரி ஒரு கீச்சொலி. பின்பக்கம் ஓடினேன். அவள் சாக்கில் படுத்து இரண்டு குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. சத்தம் அவளுக்கு அடியிலிருந்து வந்தது. அவள் முதுகுக்குக் கீழே இரண்டு குட்டிகள் நசுங்கிக்கொண்டிருந்தன. அவளுக்கு எப்படித் தெரியும்? புரட்டித் தள்ளி வெளியே எடுத்தேன். ஒன்று ஏற்கெனவே விறைத்திருந்தது. மற்றது என் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வாயைத் திறந்து மூடியது. அப்புறம் திறக்கவில்லை. அவள் எழுந்து வந்து என் கையை முகர்ந்தாள், நக்கினாள், வாலை ஆட்டினாள்.

ஷிஃப்ட் முடிந்து வந்து இவர்தான் சுவரோரம் குழி வெட்டினார். கை கழுவும்போது தோள் குலுங்கியது. பார்த்தேன், பக்கத்தில் போகவில்லை.

அப்போது அவருடைய போன் அடித்தது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ.

"ரெண்டு இருக்கு சார்," என்றார். "சுத்த வெள்ளை."