தேங்காய்ப் பையோடு சபைக்குப் போனேன்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் நடக்கும் கிறிஸ்தவ ஆராதனைக்கு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் போனேன். என் மகள் விரும்பிய பையனின் குடும்பம் அந்தச் சபையைச் சேர்ந்தது. என் கணவர் முடியவே முடியாது என்று நின்றார். நானாவது சரியென்று சொல்ல மாட்டேனா என்று மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படிப்பட்ட மனிதர்கள் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது? பையனின் பெற்றோரை நான் பார்த்ததே இல்லை, அவர்களும் என்னைப் பார்த்ததில்லை. பையனுக்கு மட்டும் என்னை அடையாளம் தெரியும் என்பதால், அவன் வெளியூர் போயிருந்த வாரமாகப் பார்த்துக் கிளம்பினேன்.

சாமி கும்பிடும் இடத்துக்கு வெறுங்கையோடு போகலாமா? தேங்காய், பழம், பூ எல்லாம் பையில் வைத்திருந்தேன். மேலே போனால் சுவரில் ஒரு சிலுவையும் பிளாஸ்டிக் நாற்காலிகளும்தான். பையை யாரிடம் கொடுப்பது? கட்டம் போட்ட சட்டையோடு மைக் வயரைச் சரிசெய்துகொண்டிருந்தவர்தான் பாஸ்டராம்! பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டேன். பெண்கள் எல்லோரும் முக்காடு போட்டிருக்கவே நானும் முந்தானையை இழுத்துப் போட்டேன். அது வழுக்கி வழுக்கி விழுந்தது.

கைதட்டிப் பாடினார்கள். திடீரென்று எல்லோரும் ஒரே நேரத்தில் ஆளாளுக்குச் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்ததும், ஏதோ தகராறு என்று பயந்தே போனேன். பக்கத்திலிருந்த அம்மா தேம்பி அழுதார். ஆறுதல் சொல்வதா, சும்மா இருப்பதா? நான் யோசித்து முடிப்பதற்குள் அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டிச் சிரித்தார். எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

வேண்டுதல் இருப்பவர்கள் எழுந்து சொல்லலாம் என்றார் பாஸ்டர். பக்கத்து அம்மாதான் முதலில் எழுந்தார்.

"பம்பு கம்பெனில இருக்கற என்ற பையன் ஒரு டீச்சர் புள்ளைய விரும்பறானுங்க. அவிய நம்ம சபை இல்லீங்க. அந்தப் புள்ளையோட அம்மாவ நெனச்சாத்தானுங்க எனக்குத் தூக்கமே வாரதில்ல. ஒத்தப் புள்ளைய வளத்தவியங்க. அவிய மனசு நோகாம இது நடக்கோணும். அவியளுக்காக ஜெபம் பண்ணுங்க."

பம்பு கம்பெனிப் பையன், டீச்சர் வேலை பார்க்கும் ஒரே மகள்... வேறு யாராக இருக்க முடியும்? நான் அங்கே உட்கார்ந்திருப்பது தெரியாமலேயே அத்தனை பேரும் எனக்காக உரக்க வேண்டினார்கள். எனக்காக நடக்கும் ஜெபத்தில் நான் கை கூப்பலாமா, கூடாதா? திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன்.

புதிதாக வருகிறவர்கள் எழுந்து தங்களைப் பற்றிச் சொல்வது அங்கே வழக்கமாம். பாஸ்டர் என்னைப் பார்த்து, "ஏனுங்கம்மா, நீங்க எங்கிருந்து வாரீங்க?" என்றார். அவசரத்துக்கு ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். வாயில் வரவில்லை.

"அந்தப் புள்ளையோட அம்மா நாந்தானுங்க" என்றேன்.

அந்த அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு யார் என்ன பேசினோம் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. என் கணவரைச் சமாதானப்படுத்த மாதக்கணக்கானது, கல்யாணமும் நடந்தது.

அவர்களுடைய ஆராதனையில் பாதி எனக்கு இன்றும் புரிவதில்லை. ஆனால், முகம்கூடப் பார்க்காத என் மனசு நோகக் கூடாதே என்று தூங்காமல் கிடந்தவரின் வீட்டில்தான் என் மகள் இருக்கிறாள் என்பதால், நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.