வாசலில் சொன்ன வார்த்தை

பூட்டு அக்கா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். அந்த ஆரம்பப் பள்ளியின் இரும்புக் கதவுக்கு அவள்தான் காவல். இடுப்பில் சாவி, வாயில் அதட்டல். பள்ளி விட்டதும் எந்தக் குழந்தையும் தானாக வெளியே ஓட முடியாது. குழந்தையின் கையைப் பிடித்து, அழைத்துப்போக வந்த பெரியவர் கையில் அவளே கொடுப்பாள். வழக்கமாக வருகிற ஆள் மாறினால், பெற்றவர்களில் ஒருவர் நேரில் வந்து அவளிடம் சொல்ல வேண்டும். சீட்டு எழுதி அனுப்பினால் தலைகீழாக நின்றாலும் விடமாட்டாள்.

"சீட்டை யார் வேணா எழுதலாம். மூஞ்சிக்கு நேரா நின்னு யாரு பொய் சொல்லுவா?" என்பாள். பாவி மகள், அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

காலையில் மணி அடித்தும் வராத பிள்ளையின் வீட்டுக்கு அவளே கிளம்பிவிடுவாள். சம்பளத்தில் சேராத வேலை அது. சிட்டு என்று எல்லோரும் கூப்பிடும் ஒன்றாம் வகுப்புப் பெண்ணுக்காகத்தான் அதிகம் நடந்திருப்பாள். பள்ளிக்கூடம் என்றாலே சிட்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு ஊரைக் கூட்டுவாள். அவளுடைய அப்பா வெளியூர்ப் பேருந்து ஓட்டுபவர். வீட்டில் தங்குவதே அபூர்வம். அம்மா மருந்துக்கடைக்கு ஓட வேண்டியவள், கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். பூட்டு அக்கா போய்த் தானும் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வாள்.

"கொஞ்சம் நகருடி. நானும் இன்னிக்கு வேலைக்குப் போகல."

சிட்டு சிரித்துவிடுவாள். அப்புறம் என்ன, இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு வந்து சேர்வார்கள்.

"நீங்க என் கூடப் பொறக்காத அக்கா" என்று அந்த அம்மா கண் கலங்குவாள். நம்முடைய அக்காவுக்கும் மனசு குளிர்ந்துபோகும். இரும்புக் கதவுக்கே காவல் இருந்தவள், இந்தப் பேச்சுக்கு மட்டும் கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

ஒரு நாள் காலையில் சிட்டுவின் அம்மா வாசலில் நின்று மெல்லச் சொன்னாள்.

"அக்கா, கடைல ஆள் இல்ல. இந்த வாரம் சாயங்காலம் என் தம்பி வருவான், அவன்கூட விட்டுடுங்க. எங்க வீட்டுக்காரருக்கும் அவனுக்கும் ஆகாது. அவர் காதுக்கு மட்டும் போக வேணாம்."

"உன் வீட்டுச் சண்டை எனக்கெதுக்கும்மா? நீ சொல்லிட்டல்ல, போதும்."

சாயங்காலம் தம்பி வந்தான். சிட்டு "மாமா!" என்று துள்ளினாள். அக்கா கையைப் பிடித்துக் கொடுத்தாள்.

அந்த மகாராசன் குழந்தையைப் பேருந்து நிறுத்தத்தில் உட்காரவைத்துவிட்டு, நண்பர்களோடு அரட்டைக்குப் போய்விட்டான். உட்கார்ந்து அலுத்துப்போன சிட்டு தானே வீட்டுக்கு நடந்தாள், வழி தவறிவிட்டது. பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் ஒருவர், அழுதுகொண்டு நின்றவளைச் சீருடையைப் பார்த்துப் பள்ளிக்கு அழைத்துவந்தார். நல்லவேளை, ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றைக்குப் பார்த்து அப்பா சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்.

மறுநாள் தலைமை ஆசிரியை எல்லாப் பெற்றோரையும் கூட்டினார். ஓட்டுநர் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"யாரைக் கேட்டு அவன்கூட அனுப்புனீங்க?"

"உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க" என்றாள் அக்கா, கொஞ்சமும் பயமில்லாமல். பயப்பட என்ன இருக்கிறது? சொன்னவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாளே.

சிட்டுவின் அம்மா கணவரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க."

பச்சைப் பொய்! நாக்குக் கூசவில்லையே! அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "என்னம்மா இது? வாசல்ல நின்னு சொன்னியே" என்றாள். சிட்டுவின் அம்மா நிமிரவில்லை. ஒவ்வொரு நாளும் "உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறோம்" என்ற மற்ற பெற்றோர் எல்லோரும் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். சீட்டு இருக்கிறதா என்று தலைமை ஆசிரியை கேட்டார். சீட்டுக்கு எங்கே போவாள்?

சாவி கைமாறியது. காக்கிச் சட்டை போட்ட புதுக் காவலாளி வந்தார். பெற்றோருக்கெல்லாம் படம் ஒட்டிய அட்டை வந்தது. அக்காவுக்கு வகுப்பறை பெருக்கும் வேலை. காலையில் யார் வரவில்லை என்று தேடிப்போக வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குப் போய் அவள் அழுதது வேலைக்காக இல்லை. கூடப் பிறக்காத அக்கா என்றாளே, அதற்காக.

ஒரு சாயங்காலம் கதவருகே சத்தம். சிட்டுவின் அம்மா அட்டையைக் கடையில் மறந்துவிட்டு வந்திருந்தாள். காவலாளி அசையவில்லை. தலைமை ஆசிரியையும் கிளம்பிப் போயிருந்தார். உள்ளே சிட்டு அழத் தொடங்கினாள்.

துடைப்பத்தோடு வந்த அக்காவை அந்த அம்மா பார்த்துவிட்டாள்.

"அக்கா! நீங்க சொல்லுங்கக்கா. நான்தானே இவளுக்கு அம்மா? உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது, வரவில்லை என்று கதை சொல்கிற நான் மழுப்பமாட்டேன். சிட்டு ஓடி வந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். குழந்தையின் கையை எடுத்துக் கதவுக் கம்பி வழியே அம்மாவின் கையில் வைத்தாள்.

"அம்மாதான். விடுங்க."

"நாளைக்கு யாராவது கேட்டா?" என்றார் காவலாளி.

"நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க." அக்கா அந்த அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "யாரு முன்னாடி கேட்டாலும், சொல்லலைன்னு நான் சொல்ல மாட்டேன்."

காவலாளி கதவைத் திறக்க, சிட்டுவின் அம்மா குனிந்த தலையோடு மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.