இருநூற்றுப் பதினான்கு நகல்கள்

என் அக்கா புருஷனுக்கு ஊரில் தலைவர் என்று பெயர். எதற்குத் தலைவர் என்று யாரையாவது நிறுத்திக் கேளுங்கள், தலையைச் சொறிவார்கள். அரசு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பக்கத்துக் கடையில் நான் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். நடுவில் இடுப்பளவுக்கு ஒரு பலகைத் தடுப்புதான். இருபது வருஷமாக அவர் பேச்சு அதைத் தாண்டி என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. வாயால் அத்தான் என்று கூப்பிடுகிறேன். அந்த மரியாதை அக்காவுக்கு.

அவரைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டால் போதும். ஊரின் அத்தனை காகிதமும் அவர் கை வழியாகத்தான் போயிருக்கிறது. நிலப் பத்திரம், பிறப்புச் சான்று, டாக்டர் சீட்டு, விவாகரத்து நோட்டீஸ். ஒன்றையும் அவர் படித்ததில்லை. கண்ணாடி மேல் குப்புறப் போடுவார், மூடியை அழுத்துவார், வெளிச்சம் ஓடும், எடுத்து நீட்டுவார். படிக்காததில் தப்பில்லை. படித்த மாதிரி பேசுவாரே, அதுதான் தாங்காது.

முதலில் பேருந்து நிறுத்தம் கேட்டுப் போராடினார். நிறுத்தம் வந்தது, அவர் கேட்ட இடத்திலிருந்து அரை மைல் தள்ளி. அதற்கும் மேடை போட்டு வெற்றி என்று பேசினார். அப்புறம் செல்போன் கோபுரத்தை எதிர்த்தார். கோபுரம் வந்த மறுநாள் முதல் ஆளாக அதனடியில் நின்று போன் பேசியவரும் அவர்தான். இப்படிப்பட்டவர் கையில்தான் சோலார் விவகாரம் வந்து விழுந்தது.

ஊருக்கு மேற்கே முந்நூறு ஏக்கர் தரிசு. அதில் ஒரு கம்பெனி சோலார் பேனல் போடப்போகிறது, சுற்றிலும் கம்பிவேலி வரும், ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்தார்கள். அத்தான் ஒன்றை வாங்கி வந்து முந்நூறு நகல் எடுத்து வீடு வீடாகக் கொடுத்தார். இரண்டு பக்க நோட்டீஸ். கொடுத்தவரும் படிக்கவில்லை, வாங்கியவர்களும் படிக்கவில்லை. எனக்கு வந்ததன் ஓரத்தில் நான் ஒரு சட்டைக்கு அளவு குறித்துக்கொண்டேன்.

வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. தினமும் அவர் கடை வாசலில் கூட்டம்.

"இருக்கிற வெயிலையெல்லாம் அது உறிஞ்சிடுமாம். அப்புறம் துணி எப்படிக் காயும்?" என்றார் சலவைக்கடைக்காரர்.

பேனலின் பளபளப்பைப் பார்த்து மேகம் பயந்து ஓடிவிடும் என்றார் பால்காரர். ரிட்டயரான வாத்தியார் ஒருவர், அறிவியல் எடுத்தவர், மாட்டுக்கு மடி வற்றிவிடும் என்றார். இவரிடமா படித்தோம் என்று எனக்கு உடம்பு கூசியது. அத்தான் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.

அந்தக் கூட்டத்தில் பேச நிஜமாகவே விஷயம் இருந்தது ஒருத்திக்குத்தான். ஆட்டுக்காரம்மா. ஐம்பது வயது, புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், அறுபது ஆடுகள்தான் பிழைப்பு. மேய்ச்சல் இந்தப் பக்கம் மலையடியில், தண்ணீர் தரிசுக்கு அந்தப் பக்கம் குட்டையில். நடுவில் வேலி வந்தால், லாரி பறக்கும் நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு ஐந்து மைல் ஓட்ட வேண்டும்.

அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். மூன்று நாள் உட்கார்ந்து ஒரு மனு எழுதியிருந்தாள். அடியில் பென்சிலால் படம் வேறு: மலை, வேலி, குட்டை, நடுவில் இரண்டு கோடு.

"ஒரு காப்பி எடுத்துக் குடுங்க தம்பி. நானே ஆபீஸ்ல குடுத்துக்கிறேன். பன்னெண்டு அடிக்கு ஒரு பாதை விட்டாப் போதும். பேனல் போடட்டும், என்னத்தையோ போடட்டும், எனக்கென்ன?"

அத்தான் அதை வாங்கி, வழக்கம்போலப் படிக்காமல், மேஜையில் வைத்தார். "தனித்தனியாக் குடுத்தா பலம் போயிடும்மா. ஊரே ஒரே குரல்ல பேசணும். எல்லாத்தையும் சேர்த்து நான் எழுதியிருக்கேன். இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"பாதையைப் பத்தி இருக்கா தம்பி?"

"எல்லாம் இருக்கு."

இல்லை. எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் பலகைக்கு மேலே தலையை நீட்டி, தன் மனுவை எனக்கு ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினார். "ஆட்டுப் பாதையைச் சேர்க்கலையே அத்தான்?" என்று கேட்டதற்கு, "மச்சான், நான் மேகம், மழைன்னு பேசிக்கிட்டிருக்கேன். நடுவுல ஆட்டுப் புழுக்கையைக் கொட்டச் சொல்றியா?" என்று சிரித்தார்.

ஆட்டுக்காரம்மா எனக்குப் பத்தடி தூரத்தில் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்போதுதான் அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு படியேறினாள். அவள் முன்னால் அத்தானைப் பொய்யர் ஆக்கினால் ஒரு வாரத்துக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. நான் குனிந்து மெஷினை மிதித்தேன். ஆட்டுக்காரம்மா பேனாவை இறுகப் பிடித்து, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

இருநூற்றுப் பதினான்கு நகல், இருநூற்றுப் பதினான்கு கையெழுத்து. எதிரே இருக்கிற அலுவலகத்துக்கு ஊரைச் சுற்றி ஊர்வலமாகப் போய்க் கொடுத்தார்கள். இருபது தப்படி நடந்தால் போதும், ஆனால் இருபது தப்படிக்கு மைக் கட்ட முடியாதே.

கெடு முடிந்த அடுத்த வாரம் விசாரணை. அதிகாரி சின்ன வயசுப் பெண். குரலே உயர்த்தவில்லை.

"மொத்தம் எத்தனை மனு?" என்று குமாஸ்தாவைக் கேட்டார்.

"ஒண்ணு மேடம்."

அத்தான் துள்ளி எழுந்தார். "இருநூத்திப் பதினாலு!"

அதிகாரி நோட்டீஸின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி வாசித்தார். ஒரே வாசகத்தை நகலெடுத்துக் கொடுத்தால், எத்தனை பேர் கையெழுத்திட்டிருந்தாலும் ஒரே மனுவாகவே கருதப்படும். "இந்த நோட்டீஸ் உங்களுக்கெல்லாம் கிடைச்சுதா?"

கிடைத்தது. முந்நூறு நகல் எடுத்தவரே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

மேகத்துக்கும் மாட்டு மடிக்கும் பத்து நிமிஷத்தில் பதில் முடிந்தது. வாத்தியார் தரையைப் பார்த்தபடி இருந்தார். கடைசியில் கம்பெனி இன்ஜினியர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "பாதை, தண்ணி வழி ஏதாவது கேப்பீங்கன்னு எதிர்பார்த்தோம். கேட்டிருந்தா வேலியைத் தள்ளிப் போட்டிருப்போம். யாரும் கேக்கலை."

"நான் கேட்டேனே," என்று ஆட்டுக்காரம்மா எழுந்தாள்.

"எழுத்துல குடுத்தீங்களாம்மா?" என்றார் அதிகாரி. "இப்பக் குடுத்தா எடுத்துக்க முடியாது. கெடு போன வாரமே முடிஞ்சுபோச்சு."

அவள் அத்தானைப் பார்த்தாள். அத்தான் மின்விசிறியைப் பார்த்தார்.

இரண்டு மாதத்தில் வேலி வந்தது. முதல் வாரமே நெடுஞ்சாலையில் லாரி மோதி நான்கு ஆடுகள் செத்தன. இன்னும் ஒரு மாதம் இழுத்துப் பார்த்தாள். பிறகு மிச்சத்தையும் விற்றுவிட்டு, மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு நாள் காலையில் கடைக்கு வந்தாள். அத்தான் ஒரு ரேஷன் அட்டையைக் குப்புறப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என் காகிதத்தைக் குடு."

தம்பி என்பது போயிருந்தது. அத்தான் தேடினார். மை சரியாக விழுகிறதா என்று பார்க்கப் போடும் பழைய தாள்களுக்கு நடுவில் அது கிடைத்தது. வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் ஊர் மனுவின் முதல் பக்கம் மங்கலாக அடித்திருந்தது. சோதனைக்கு எடுத்த நகல்.

அவள் அதைத் திருப்பிப் பிடித்து, நின்ற இடத்திலேயே எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். "மே... க... ம்... ப... யந்து..." அந்தக் கடையில் ஒரு காகிதத்தை ஒருவர் முழுதாகப் படித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வெகுநேரம் ஆனது. கடைசி வரிவரை போனாள்.

"இதுக்கா நான் கையெழுத்துப் போட்டேன்?"

"அடுத்த கட்டப் போராட்டத்துல உன் பாதையை முதல் கோரிக்கையா..." என்று ஆரம்பித்தார் அத்தான். வெட்கம் என்பது அவர் மெஷினில் நகல் எடுக்கக்கூட வந்ததில்லை.

அவள் அவரை லட்சியம் பண்ணவில்லை. தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள். பலகைத் தடுப்புக்கு மேலே என்னைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா தம்பி?"

மெஷினில் துணியே இல்லை. நான் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தேன்.