ரேடியோப் பெண்ணின் குரலில்

மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. டுரியான் துங்கால் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடுமாம். அதனால் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூடக் கேட்டைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. தினமும் விடியற்காலையில் கேட்டில் சோதனை போட்டுத்தான் விடுவார்கள்.

அந்த வருடம்தான் ஆபீஸ் வாசலில் ஒரு ரேடியோ வைத்தார்கள். எனக்குப் பதினொரு வயது. சாயங்காலமானால் அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். அம்மா வந்து சடையைப் பிடித்து இழுத்தால்தான் எழுவேன். ஒரு நாடகத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி, சோறு கடத்துகிற ஆளைப் போலீஸிடம் காட்டிக்கொடுப்பாள். உடனே பெட்டிக்குள் கைதட்டல். எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். அவள் குரலிலேயே பேசிப் பேசிப் பார்ப்பேன். தோட்டத்தில் என்னைவிடப் பெரிய அறிவாளி இல்லை என்று நினைப்பு.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள், மரத்துக் கோப்பைகளில் உறைந்துபோன கட்டிப்பால் பொறுக்க அம்மாவோடு போனேன். கேட்டில் எங்களுக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் சித்தி. அவளுக்கு ஐந்து மாதம். பசி தாங்காமல் முந்தின நாள்தான் மரத்தடியில் மயங்கி விழுந்திருந்தாள். அன்று காலை அவள் ஓர் உருண்டைச் சோற்றை இலையில் சுற்றி, பால் வாளிக்குள் துணிக்கு அடியில் வைத்ததைப் எங்கள் வீட்டுப் பலகைச் சுவர் இடுக்கு வழியாகப் பார்த்திருந்தேன். போலீஸ்காரர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "போம்மா" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஐயா, வாளியில் சோறு இருக்கிறது!" என்றேன், ரேடியோப் பெண்ணின் சுத்தத் தமிழில்.

யாரும் கைதட்டவில்லை. சித்தியை லாரியில் ஏற்றினார்கள். அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். லாரியிலிருந்து சித்திதான் கத்தினாள்: "அடிக்காதீங்கக்கா! சின்னப்புள்ளலா, வெளையாட்டுக்குச் சொல்லிருச்சு!"

பத்து நாள் லாக்கப்பில் இருந்துவிட்டு, கண் உள்ளே போய்த் திரும்பி வந்தாள். என்னிடம் முகம் கொடுத்துத்தான் பேசினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "வெளையாட்டுப் புள்ளலா, அதுக்கு என்னா தெரியும்" என்றாள். நானும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன்.

விளையாட்டு இல்லை. பிடித்துக்கொண்டு போவார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன். அவள் பசியும் எனக்குத் தெரியும். அதை அவளிடம் ஒருநாளும் சொல்லவில்லை. சாகிறவரை அவளை அப்படியே நம்பவிட்டேன்.