வேனுக்கு ஒரு குரல்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் என் மனைவி பதினோரு வருடம் திரி செருகும் வேலை பார்த்தாள். ஒரு நாள் காலை, ஆட்களை ஏற்றிப் போன வேன் வளைவில் கவிழ்ந்தது. அவளுக்குத் தலையில் அடி. மதுரையில் இரண்டு மாதம் ஆஸ்பத்திரி வாசம். வீடு திரும்பியபோது நடந்தாள், பேசினாள், பழசெல்லாம் நினைவில் இருந்தது. அன்றன்றைக்கு நடப்பதுதான் மறுநாள் வரை தங்கவில்லை.

நான் மக்காச்சோளக் காட்டில் இருந்த ஒரு மத்தியானம் குழம்புச் சட்டி தீய்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து அடுப்பை அணைத்தார். அதைவிடக் கொடுமை காலை வேளை. ஏழு மணிக்கு வேன் வரும் என்று தூக்குவாளியோடு வாசலில் நிற்பாள். இனி வேலைக்குப் போக முடியாது என்று நான் சொல்ல வேண்டும். தினமும் அவளுக்கு அது புதுச் செய்தி. தினமும் அழுவாள்.

சூலக்கரையில் உள்ள அரசு அலுவலகத்துக்கு ஊனமுற்றோர் அட்டை வாங்கப் போனோம். அங்கே மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்கும் அம்மா, செல்போன் அலாரத்தில் மணிச் சத்தத்துக்குப் பதிலாகப் பேச்சைப் பதிந்து வைக்கச் சொல்லிக் கொடுத்தார். மாத்திரைக்கும் அடுப்புக்கும் என் குரலில் வைத்து, போனை அவள் கழுத்தில் மாட்டிவிட்டேன். இரண்டே நாளில் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள்.

"நாள் பூரா ஏவிக்கிட்டே இருக்கீக. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

எனக்குச் சுருக்கென்றது. போனை அவள் கையிலேயே கொடுத்து, நீயே பேசி வை என்றேன். பேசினாள். முடித்துவிட்டு, வேறு எதற்கெல்லாம் நான் உங்களைப் படுத்துகிறேன் என்று கேட்டாள். தினமும் வேனுக்கு நின்று அழுவதை அன்றுதான் மறைக்காமல் சொன்னேன். மறுபடி பதிவுப் பொத்தானை அமுக்கினாள்.

"ஏட்டி, உனக்குத் தலையில அடி பட்டிருக்கு. வேன் இனி உனக்கு நிக்காது. வீட்டுக்காரவுகளக் கேட்டு அழாத."

மறுநாள் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் பேசியது. தூக்குவாளியும் கையுமாக நின்று முழுதும் கேட்டாள்.

"இது நான்தான?"

ஆமாம் என்றேன். இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். கண் கலங்கியது, அழவில்லை. வாளியை என்னிடம் நீட்டி, நீங்க காட்டுக்குக் கொண்டு போங்க என்றாள்.

ஒரு வருடம் ஆகப்போகிறது. அழுகிற நாள் இன்னும் உண்டு, அபூர்வமாக. அடுப்பை அவளே அணைக்கிறாள். வேன் கடந்து போகும்போது உள்ளே இருக்கும் பெண்கள் கை காட்டுகிறார்கள். ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.